ராதிகா: பார்த்த நடிப்பும் கேட்ட நடிப்பும்

நான் வழக்கமாக எழுதுவது ஊர்ப்பெயர், பழைய ரயில் பாதை, கல்வெட்டு மாதிரியான சங்கதிகள். ஒரு நடிகையைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுதுவேன் என்று நினைத்ததில்லை. ஆனால் இரண்டு மாதமாக வேறு எதுவும் ஓடவில்லை. காரணம் அம்மா. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ராதிகாவைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள். எம்.ஆர்.ராதாவின் மகள். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த பெண்ணை 1978-ல் பாரதிராஜா பிடித்துப் பாவாடை தாவணி கட்டி 'கிழக்கே போகும் ரயில்' படத்தில் பாஞ்சாலியாக நிறுத்தினார். எண்பதுகளில் ரஜினி, கமல், தெலுங்கில் சிரஞ்சீவி என்று முன்னணி நாயகர்களோடு நடித்தார். பிறகு கதாநாயகி வயது தாண்டியது, டிவிக்குப் போனார், 'சித்தி' வந்தது, சின்னத்திரை ராணி ஆனார். இப்போது அம்மா வேஷங்களில் மறுபடியும் சினிமா.

தேதிகள் எல்லாம் சரிதான். ஆனால் இந்தக் கதைக்குள் ஒரு தீர்ப்பு ஒளிந்திருக்கிறது: சினிமாவில் செய்ததுதான் நடிப்பு, டிவியில் செய்தது பிழைப்பு. இருபது வருடம் நானும் அப்படித்தான் நினைத்தேன். வாய்விட்டும் சொன்னேன். அது தப்பு என்பதுதான் இந்தக் கட்டுரை.

குற்றாலம்: சத்தமில்லாத படம்

2000-ஆம் வருடம், சீசன் நேரம். பி.ஈ. இரண்டாம் வருடம் முடித்துவிட்டுத் தென்காசிக்கு வந்திருந்தேன். கல்லூரியில் நாலைந்து பேர் சேர்ந்து உலக சினிமா கேசட் தேடிப் பார்த்துக்கொண்டிருந்த காலம். இரண்டு குரோசவா படம் பார்த்துவிட்டு உலகத்தையே அளந்துவிட்டதாக நினைக்கிற வயசு.

சாரல் நன்றாக விழுந்த ஒரு நாள் ராத்திரி, நண்பர்களோடு குற்றாலத்தில் குளித்துவிட்டு ஐந்தருவி ரோட்டில் ஒரு பரோட்டாக் கடையில் உட்கார்ந்தோம். சுவரில் உயரமாக ஒரு டிவி. மணி ஒன்பதரை. சன் டிவியில் 'சித்தி'. ஓட்டைத் தகரக் கூரையில் மழை, கல்லில் கொத்துப் பரோட்டா போடும் சத்தம், வெளியே வேன் ஹாரன். டிவியிலிருந்து ஒரு சொல்கூடக் காதில் விழவில்லை. படம் மட்டும் தெரிந்தது.

சத்தமில்லாமல் பார்த்தால் மெகா சீரியல் மாதிரி அபத்தமான பொருள் கிடையாது. ராதிகாவின் முகம். அதிர்ச்சி அடைந்த இன்னொரு முகம். மறுபடியும் ராதிகா. கதவுப் பக்கம் நிற்கும் ஒருத்தி. மறுபடியும் ராதிகா. யாரும் நகரவில்லை. ஒரு வீட்டுக் கூடம், ஒரு சோபா, கண்ணைத் துடைக்கும் முந்தானை. நாங்கள் ஆளுக்கொரு வசனம் இட்டுக்கட்டிச் சொல்லிச் சிரித்தோம். சிரிப்பில் பரோட்டா புரையேறியது.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் அதையே சொன்னேன். "இதெல்லாம் ஒரு நடிப்பாம்மா? நிக்கா, முறைக்கா, அழுகா. இதுக்குப் போயி தெருவே உக்காந்திருக்கீங்களே." அம்மா பதில் சொல்லவில்லை. தட்டில் இருந்த பீடியை எண்ணிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

தென்காசி: படமில்லாத சத்தம்

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தென்காசி, கடையநல்லூர், ஆலங்குளம் வட்டாரத்தில் பல வீடுகளில் பெண்கள் கைக்காசு பார்ப்பது பீடியில்தான். கடையில் இலையும் தூளும் நூலும் எடை போட்டு வாங்கி வருவார்கள். ராத்திரி இலையை நனைத்து வைத்து, அளவுக்கு வெட்டி, மடியில் தட்டை வைத்துக்கொண்டு சுத்துவார்கள். இருபத்தஞ்சு பீடி ஒரு கட்டு. கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று. மறுநாள் கடையில் போய்க் கொடுக்கும்போது சரியில்லாததைக் கழித்துவிடுவார்கள். ஆகவே பேச்சு, பாட்டு, டிவி எதுவானாலும் கை நிற்கக் கூடாது.

எங்கள் வீட்டுக் கூடத்தில் ராத்திரி ஒன்பதரைக்கு ஆறேழு பேர் இருப்பார்கள். அம்மா, பெரியம்மா, பக்கத்து வீட்டு அக்காமார். எல்லார் மடியிலும் தட்டு. டிவி ஓடும். இவர்கள் டிவியைப் 'பார்த்தார்கள்' என்று சொல்வதே பிழை என்று இப்போதுதான் எனக்குப் புரிகிறது. இலை வெட்டும்போது கண் இலையில் இருக்க வேண்டும். சுத்தும்போது விரலே பார்த்துக்கொள்ளும். நூல் கட்டும்போது மறுபடியும் கண் வேண்டும். டிவிக்கு மிச்சம் கிடைப்பது அவ்வப்போது ஒரு பார்வை. அரை மணி நேரமும் முழுசாகக் கிடைத்தது காது மட்டும்தான்.

அதாவது நான் குற்றாலத்தில் சத்தமில்லாமல் படத்தைப் பார்த்த அதே சீரியலை, தென்காசியில் இவர்கள் ஏறக்குறைய படமில்லாமல் சத்தமாகக் கேட்டிருக்கிறார்கள். நான் சிரித்தது, அவர்கள் கண்டுகொள்ளாத பாதியைப் பார்த்து. அவர்கள் உட்கார்ந்திருந்தது, எனக்குக் காதில் விழாத பாதிக்காக.

என் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. பிழை எங்கே என்று தெரியாவிட்டால் ஒரு பகுதியை நிறுத்திவிட்டு மற்றதை மட்டும் ஓட்டிப் பார்ப்போம். இந்த இரண்டு மாதம் செய்தது அதைத்தான். போன் திரையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, யூடியூபில் கிடைத்த 'சித்தி' பகுதிகளைக் காதால் மட்டும் கேட்டேன்.

முதலில் தெரிவது, அந்த வசனங்கள் கேட்பதற்காகவே கட்டப்பட்டவை என்பது. ஒருவர் பேசும்போது எதிராளியின் பெயரையோ உறவையோ சொல்லிவிட்டுத்தான் பேசுவார். யார் வந்தது, யார் அழுகிறது, யார் கையில் என்ன இருக்கிறது எல்லாம் பேச்சிலேயே வந்துவிடும். நேற்று நடந்ததை இன்று யாராவது ஒருவர் இன்னொருவரிடம் சொல்வார். சினிமா பார்த்துப் பழகியவனுக்கு இது எழுத்தின் பலவீனம். அடுப்படியில் நிற்கிறவளுக்கு இது வசதி.

இரண்டாவது, ராதிகாவின் குரல். கொஞ்சம் கனத்த, கரகரப்புள்ள குரல் அவருக்கு. தமிழ் சினிமா நாயகிக்கு வைத்திருந்த கீச்சுக்குரல் அளவுகோலில் அது சேராது. 'சித்தி'யில் கூடத்தில் ஐந்து பேர் கத்தும்போது அவர் தன் குரலை ஏற்றுவதில்லை, ஒரு படி இறக்குகிறார். மற்றவர்கள் எல்லாம் மேலே இருப்பதால் இறக்கிய குரல் தனியாகக் கேட்கிறது. கோபம் வரும்போது வேகம் கூடாமல் சொற்களுக்கு நடுவே இடைவெளி கூடுகிறது. அழுகையில்கூட சொல் சிதையாது. அழுகையைக் குரலின் ஓரத்தில் வைத்துக்கொண்டு, சொல்ல வேண்டியதை முழுசாகச் சொல்லி முடிப்பார். திரையைப் பார்த்தால் இது கொஞ்சம் அடக்கமான நடிப்பாகத் தெரியும், அவ்வளவுதான். காதால் கேட்டால் அந்தக் கூடத்தில் யார் கையில் பிடி இருக்கிறது என்பது தெளிவாகத் தெரிகிறது.

குற்றாலத்தில்தான் ரசிகமணி டி.கே.சி. கடைசிக் காலத்தில் இருந்தார். கவிதையைக் கண்ணால் ஓட்டாதே, வாய்விட்டுச் சொல்லிக் காதால் கேள், அதன் உருவமும் தாளமும் அப்போதுதான் பிடிபடும் என்று ஆயுள் முழுக்கச் சொன்ன மனிதர். அவர் ஊரில் உட்கார்ந்துகொண்டு, காதுக்கான ஒரு சரக்கைக் கண்ணால் மட்டும் அளந்துவிட்டுச் சிரித்திருக்கிறேன்.

சோப்பு விற்ற கதை

இது ஏதோ நம்ம ஊர் பீடித்தட்டுக்கு மட்டும் தற்செயலாகப் பொருந்தியது இல்லை. இந்த வடிவமே அப்படிப் பிறந்ததுதான். அமெரிக்காவில் 'சோப் ஓபரா' என்ற பெயர் வந்தது ரேடியோவில். 1930-களில், பகலில் துணி துவைத்துக்கொண்டும் சமைத்துக்கொண்டும் இருக்கிற பெண்களுக்காக சோப்புக் கம்பெனிகள் காசு போட்டு நடத்திய தினசரி நாடகங்கள் அவை. இர்னா பிலிப்ஸ் உருவாக்கிய 'கைடிங் லைட்' 1937-ல் ரேடியோவில் ஆரம்பித்து, 1952-ல் டிவிக்கு மாறி, 2009 வரை ஓடியது. படம் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது. அடித்தளம், கை வேலையாக இருக்கிறவளின் காது.

நம்மிடம் ரேடியோ நாடகம் இருந்தது. வாராவாரம் தூர்தர்ஷன் நாடகம் இருந்தது. 1993-ல் சன் டிவி வந்த பிறகு தினசரித் தொடர்களும் வர ஆரம்பித்தன. ஆனால் தினமும் ஒரே நேரம், ஒரே குரல், வருடக்கணக்கில் என்ற பழக்கத்தை வீடுகளில் உறுதியாக உட்கார வைத்தது, 1999 டிசம்பரில் தொடங்கி 2001 நவம்பர் வரை ஓடிய 'சித்தி'தான் என்று நினைக்கிறேன்.

அந்தத் தலைப்பையும் கவனியுங்கள். தமிழில் சித்தி என்றால் இரண்டு பேர். ஒருத்தி அம்மாவின் தங்கை, செல்லம் கொடுப்பவள். இன்னொருத்தி அப்பாவின் இரண்டாம் தாரம், 'சித்தி கொடுமை' என்ற சொல்லுக்குச் சொந்தக்காரி. ஒரே சொல்லில் பாசமும் பயமும். தாயில்லாத பெண்குழந்தைக்குச் சித்தியாக வரும் சாரதாவை முதல் அர்த்தத்தின் மென்மையோடு இரண்டாவது இடத்தில் உட்கார வைத்ததுதான் தொடரின் அடிப்படை. அந்த வீட்டில் அவள் பிறந்தவள் இல்லை, பெற்றவளும் இல்லை. அதிகாரத்தைப் பேசித்தான் சம்பாதிக்க வேண்டும். அதற்கு ஏற்ற குரல் அவருக்கு இருந்தது. கணவராக வந்த சிவகுமாரும் பெரும்பாலும் விட்டுக்கொடுத்து நின்றார்.

படங்களைத் திருப்பிப் பார்த்தபோது

இந்தக் காதோடு பழைய படங்களுக்குத் திரும்பினேன். 'கிழக்கே போகும் ரயில்' பாஞ்சாலிக்குக் கண்தான் எல்லாம். கவிதை எழுதும் நாவிதர் மகன் பட்டணத்துக்குப் பிழைக்கப் போகிறான். ரயிலின் கடைசிப் பெட்டியில் சேதி எழுதி அனுப்புகிறான். அவள் தினமும் தண்டவாள ஓரத்தில் நின்று அதைப் படிக்கிறாள். செங்கோட்டையிலிருந்து திருநெல்வேலிக்குப் போகும் வண்டியும் கிழக்கே போகும் ரயில்தான் என்பதால் சின்ன வயசில் அது எங்கள் ஊர் ரயில் என்றே நம்பிக்கொண்டிருந்தேன். பதினாறு வயசுப் பெண்ணின் முகத்தை பாரதிராஜாவின் கேமரா பார்த்துக்கொண்டே இருக்கிறது. அந்தப் படத்தில் ராதிகா நடிக்கிறார் என்பதைவிட, பார்க்கப்படுகிறார் என்று சொல்வதுதான் சரி.

1981-ல் பாக்யராஜின் 'இன்று போய் நாளை வா'. மூன்று பையன்கள் ஒரு பெண்ணைச் சுற்றும் கதை. அங்கேயும் அவரைப் பார்ப்பதுதான் மற்றவர்களுக்கு வேலை. ஆனால் பையன்கள் எல்லாம் சினிமாத்தனமாகப் பேச, இவர் மட்டும் பக்கத்து வீட்டுப் பெண் மாதிரி சாதாரணமாகப் பேசுகிறார். நகைச்சுவை நிற்பதற்கு அந்தச் சாதாரணம் தேவைப்படுகிறது.

திருப்பம் என்று நான் நினைப்பது 1986. கே.விஸ்வநாத்தின் 'ஸ்வாதி முத்யம்', தமிழில் 'சிப்பிக்குள் முத்து'. அந்த வருடம் இந்தியாவிலிருந்து ஆஸ்கருக்கு அனுப்பிய படம். எல்லாரும் பேசுவது கமலைப் பற்றி. கமலுக்கு உடம்பு முழுக்க வேலை: நடை, கை, கண், எல்லாம். எதிரே ராதிகாவுக்கு ஒரு குழந்தையோடு நிற்கும் இளம் விதவை வேஷம். அவர் அசையவே கூடாது. அசைந்தால் கமலின் ஆட்டம் கெட்டுவிடும். எதிராளி செய்வதை வாங்கிக்கொண்டு நிற்பது என்பதை இருபத்து நாலு வயசில் அங்கே முழுசாகச் செய்திருக்கிறார். பதிமூன்று வருடம் கழித்து, ஐந்து பேர் கத்தும் கூடத்தில் சாரதா நிற்பதும் அதே நிற்பதுதான்.

பிறகு 1993-ல் 'கிழக்குச் சீமையிலே'. அண்ணன் விஜயகுமார், கணவன் நெப்போலியன், நடுவே விருமாயி. தாய்மாமன் சீர் பற்றித் தெரிந்த ஊர்க்காரர்களுக்கு அந்தப் படம் வெறும் கதை இல்லை, கல்யாண வீட்டுச் சண்டை. பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் நடுவே பேசிப் பேசியே ஒரு பெண் தேய்வதை அந்தக் குரல் சொல்கிறது. எங்கள் பெரியம்மா அந்தப் படத்தை விருமாயி என்றுதான் இன்றைக்கும் சொல்வாள். படப்பெயர் அவளுக்கு ஞாபகமில்லை.

ஆக, டிவி நடிப்பு வயசான பிறகு வந்த வாய்ப்பு மட்டும் இல்லை. அதற்கான கருவியை அவர் சினிமாவிலேயே தீட்டி வைத்திருந்தார். சினிமா அதைத் துணைக்கு மட்டும் பயன்படுத்தியது. டிவி அதை நடுவில் வைத்தது.

கடை யாருடையது

இன்னொரு விஷயம், நேரம் யாருடையது என்பது. ராதிகா வெறுமனே சீரியலில் நடிக்கப் போகவில்லை. ராடான் என்ற தயாரிப்பு நிறுவனத்தை நடத்தினார். அது பங்குச்சந்தையில் பட்டியலான நிறுவனம். தயாரிப்பு அவருக்குப் புதிதும் இல்லை. பிரதாப் போத்தன் இயக்கி, அறிமுக இயக்குநருக்கான தேசிய விருது வாங்கிய 'மீண்டும் ஒரு காதல் கதை' ராதிகா தயாரித்ததுதான்.

அந்த நாளில் சேனலிடம் நேரத்தை விலைக்கு வாங்கி, விளம்பர நொடிகளைத் தயாரிப்பாளரே விற்கும் முறை இருந்தது. லாபமும் நஷ்டமும் அவர் தலையில். 'சித்தி', 'அண்ணாமலை', 'செல்வி', 'அரசி', 'செல்லமே', 'வாணி ராணி' என்று 2018 வரை இரவு ஒன்பதரையை ஒருத்தர் குத்தகைக்கு எடுத்த மாதிரி வைத்திருந்தார். சினிமாவில் கதாநாயகிக்கு அழைப்பு வர வேண்டும். இங்கே அழைப்பு அனுப்புவது அவர்.

இதற்கு ஒப்பாகச் சொல்ல எனக்குத் தெரிந்தது லூசில் பால். ஹாலிவுட்டில் அவரைச் சின்னப் படங்களின் ராணி என்றுதான் சொன்னார்கள். பெரிய இடம் கிடைக்கவில்லை. 1948-ல் ஒரு ரேடியோ நகைச்சுவைத் தொடரில் பேச ஆரம்பித்தார். அதன் பலத்தில் 1951-ல் டிவியில் 'ஐ லவ் லூசி'. கணவர் டெசி ஆர்னாஸோடு டெசிலு என்ற நிறுவனம். 1962-ல் கணவரின் பங்கையும் வாங்கி அதன் தலைவியானார். 'ஸ்டார் ட்ரெக்' அந்த நிறுவனத்திலிருந்து வந்ததுதான். அவரும் குரல் வழியாக டிவிக்குள் வந்தவர், அவரும் கடையைச் சொந்தமாக்கியவர். வித்தியாசம், லூசி வாரத்துக்கு ஒரு நாள். ராதிகா வாரத்துக்கு ஐந்து நாள்.

குறைகள்

சொந்தக் கடை என்றால் குறைக்கும் அவரே பொறுப்பு. அதைச் சொல்லாமல் விட்டால் இது ரசிகர் மன்ற நோட்டீஸ் ஆகிவிடும்.

ஒன்று, நீளம். 'சித்தி' இரண்டு வருடத்துக்குள் முடிந்தது. 'வாணி ராணி' கிட்டத்தட்ட ஆறு வருடம், 1,700 பகுதிகளுக்கு மேல். வக்கீல் வாணி, வீட்டோடு இருக்கும் ராணி என்று இரட்டை வேஷம். முதல் வருடத்தில் இரண்டு குரல்களையும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துவிடலாம், அவ்வளவு சுத்தமாகச் செய்திருப்பார். போகப்போகக் கடத்தல், விஷம், மறதி, திரும்பி வருகிற வில்லி. குரலுக்கு வேலை இல்லை, பின்னணி இசைக்குத்தான் வேலை. ஓடுகிற வண்டியை நிறுத்தினால் விளம்பரக் காசு நிற்கும் என்ற கணக்கு கதையைத் தின்றுவிட்டது.

இரண்டு, அந்தப் பெண்கள் சகித்துக்கொண்டே இருப்பது. சாரதா பேசி அதிகாரம் பெறுகிறாள், உண்மை. ஆனால் அந்த அதிகாரம் கடைசியில் குடும்பத்தைக் கட்டிக்காக்க மட்டும்தான் பயன்படுகிறது. 1978-ல் பாஞ்சாலியாவது ஊரின் மூடநம்பிக்கையை உதறிவிட்டு ரயிலேறிப் போனாள். இருபது வருடம் கழித்து ஒன்பதரை மணிப் பெண்களுக்கு ஏறிப்போக ஒரு ரயில் இல்லை. தானே நிறுவனம் நடத்தி, சம்பளம் கொடுத்து, கணக்குப் பார்த்த ஒரு பெண், திரையில் அப்படி ஒருத்தியை இன்னும் அதிகம் காட்டியிருக்கலாம். பீடிச் சம்பாத்தியத்தில் வீட்டை ஓட்டியவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள், அவர்களுக்கு அது புரிந்திருக்கும்.

மூன்று, 'சித்தி 2'. 2020 ஜனவரியில் ஆரம்பித்தது. கொரோனாவில் நின்று மறுபடி தொடங்கியது. 2021-ல் அரசியலைக் காரணம் சொல்லி ராதிகா அதிலிருந்து விலகினார். சித்தி இல்லாமலே 'சித்தி' ஓடியது. வியாபாரமாக அது சரியாக இருக்கலாம். கேட்டுப் பழகியவர்களுக்கு அது வீட்டில் ஒரு ஆள் சொல்லாமல் போன மாதிரி.

அரசியல் பற்றியும் ஒரு வரி. 2011 முதல் 2016 வரை எங்கள் தென்காசித் தொகுதிக்கு எம்.எல்.ஏ. அவர் கணவர் சரத்குமார். எங்கள் கூடத்தில் அவருக்குப் பெயர் 'சித்தி வீட்டுக்காரர்'. ஆனால் 2024-ல் விருதுநகரில் ராதிகாவே பாராளுமன்றத்துக்கு நின்றபோது மூன்றாவதாகத்தான் வந்தார். தினமும் ராத்திரி வீட்டுக்குள் வருகிற குரலுக்கு ஜனங்கள் கொடுக்கிற இடம் வேறு, ஓட்டு வேறு. இரண்டையும் ஒன்றாக நினைப்பது நடிகர்கள் செய்கிற பிழை.

2019 டிசம்பரில் தொடங்கி கலர்ஸ் தமிழில் அவர் நடத்திய 'கோடீஸ்வரி' ஞாபகம் இருக்கலாம். பெண்கள் மட்டும் பங்கெடுத்த நிகழ்ச்சி. அதில் ஒரு கோடி ஜெயித்தவர் காதும் கேட்காத, வாயும் பேச வராத ஒரு மதுரைப் பெண். குரலாலேயே பேர் வாங்கிய ஒருவர், குரல் உதவாத இடத்தில் உட்கார்ந்து, எதிராளியின் முகத்தைப் பார்த்துக் காத்திருக்கிறார். அங்கேயும் எனக்குத் தெரிந்தது 'சிப்பிக்குள் முத்து' ராதிகாதான்: வாங்கிக்கொண்டு நிற்பவர்.

அம்மா சொன்னது

இப்போது அம்மா. சர்க்கரை கண்ணைப் பிடித்துவிட்டது. ஒரு கண் போயேவிட்டது, இன்னொன்றில் வெளிச்சமும் நிழலும் தெரியும். பீடியை விட்டு ஏழெட்டு வருடம் ஆகிறது. நான் வீட்டிலிருந்தே வேலை என்று தென்காசிக்கு வந்து உட்கார்ந்த பிறகு, சாயங்காலம் அவளுக்குப் போட்டுக்கொடுக்கப் போய்த்தான் இந்த ஆராய்ச்சியே ஆரம்பித்தது.

ஒரு நாள் 'சித்தி' ஓடிக்கொண்டிருக்கிறது. போன் என் கையில். அம்மா கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். திடீரென்று, "இப்ப அவ அந்தப் பக்கம் திரும்பி நின்னு பேசுதா" என்றாள். திரையைப் பார்த்தேன். ராதிகா முதுகு காட்டி ஜன்னல் பக்கம் நின்று பேசிக்கொண்டிருந்தார்.

"எப்படிம்மா தெரியும்?"

"குரலு தெரியாதாக்கும். மூஞ்சியப் பாத்துப் பேச முடியாதத திரும்பிக்கிட்டுத்தான் சொல்லுவா."

அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து என் கொள்கையை அவளுக்கு விளக்கினேன். நீங்கள் எல்லாரும் பார்க்கவில்லை, கேட்டீர்கள். அவர் நடித்தது உங்கள் காதுக்காக. நான் குற்றாலத்தில் அன்றைக்குச் சிரித்தது தப்பு. இந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்வதற்காகத்தான் மற்றதெல்லாம் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும்.

அம்மா கொஞ்ச நேரம் யோசித்தாள். "அப்படி முழுசாவும் சொல்ல முடியாதுய்யா" என்றாள். "பேசுத வரைக்கும் கேட்டுக்கிட்டு சுத்திக்கிட்டு இருப்போம். அவ பேசாம நின்னுட்டான்னு வையி, உடனே எல்லாரும் நிமிந்து பாப்போம். என்னாச்சுன்னு. கை நின்னுரும். பெரியம்மா ஏசுவா, இவ வாய மூடுனா எனக்கு அம்பது பீடி கொறையுதுன்னு."

என் கொள்கையில் இதற்கு இடமில்லாமல் இருந்தது. குற்றாலத்தில் நான் பார்த்துச் சிரித்த அந்த முகங்கள், யாரும் நகராத அந்தக் காட்சி, எல்லாம் இந்த நிமிர்ந்து பார்க்கும் நொடிக்காக வைத்தவை. குரல் நின்றால்தான் அந்த முகத்துக்கு அர்த்தம். எங்களுக்குக் குரலே கேட்காததால் நின்றதும் தெரியவில்லை.

ஆகவே தலைப்பில் 'பார்த்த நடிப்பும் கேட்ட நடிப்பும்' என்று நான் இரண்டாகப் பிரித்தது அரைகுறைதான். மாற்றாமல் விட்டிருக்கிறேன். பிழை எங்கே ஆரம்பித்தது என்று தெரியட்டும்.

அடுத்து 'கிழக்குச் சீமையிலே' போடச் சொல்லியிருக்கிறாள். ராதிகா பேசாமல் நிற்கும் இடங்களில் திரையில் என்ன இருக்கிறது என்று நான் சொல்ல வேண்டும், அது என் வேலை என்று கட்டளை. விருமாயி அண்ணன் வாசலில் நிற்கும் இடம் வந்தால் மெதுவாகச் சொல்லணுமாம்.